லக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த வீண்பழி

லண்டன் மரதன் ஓடிய மறுநாள் காலை, ரியூப் நிலையத்தின் படிகளில் நான் கைபிடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினேன். ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது. அலுவலகத்தில் ஒரு நண்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "லக்டிக் அமிலம் காலில் தேங்கிவிட்டது. நாளைக்கு ஒரு ஓட்டம் ஓடு, எல்லாம் கழுவுப்பட்டுப் போய்விடும்" என்றான்.

நான் நம்பினேன். மூன்றாம் நாளே ஓடினேன், அடுத்த வாரமும் விடவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய வெடிப்பு. மூன்று மாதம் ஓட்டமே இல்லை.

மென்பொருளில் ஒரு பிழை வந்தால் அது எந்த வரியில் தொடங்கியது என்று தேடுவது என் தொழில். சும்மா இருந்த அந்த மூன்று மாதத்தில் இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று தேடினேன்.

தொடக்கம் 1907, கேம்பிரிட்ஜ். வால்டர் ஃப்ளெச்சர், ஃப்ரெடரிக் ஹொப்கின்ஸ் என்ற இருவர் தவளையின் தசையைக் களைக்கும்வரை சுருங்க வைத்தார்கள். களைத்த தசையில் லக்டிக் அமிலம் சேர்ந்திருந்தது. அதே தசையை ஒட்சிசனில் வைத்தபோது அமிலம் குறைந்தது.

அதே கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு உடற்றொழிலியலுக்கு வந்தவர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில். தவளைத் தசையில் உண்டாகும் மிக நுண்ணிய வெப்பத்தை அளந்தார். தசை சுருங்கும்போது வெப்பம் வரும் என்பது யாரும் எதிர்பார்ப்பது. ஆனால் ஒட்சிசன் இருந்தால், சுருங்கி முடிந்து ஓய்ந்த பிறகும் நெடுநேரம் வெப்பம் வந்துகொண்டே இருந்தது. அதாவது, நாம் "சும்மா இருக்கிறது" என்று நினைக்கும் தசை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஹில் தாமும் ஓடுபவர். பேருந்தைப் பிடிக்க ஓடி, ஏறி உட்கார்ந்த பிறகும் உங்களுக்கு மூச்சு வாங்குமல்லவா? ஓடும்போது போதாமல் போன ஒட்சிசனை உடல் கடனாக எடுத்துக்கொண்டது, பிறகு மூச்சிரைத்து அதைக் கட்டுகிறது என்றார் அவர். 1923இல் அவர் முன்வைத்த "ஒட்சிசன் கடன்" என்ற சொல் உலகமெங்கும் பரவியது. தேங்கிய லக்டிக் அமிலத்தை அகற்றுவதே அந்தக் கடனின் பெரும்பகுதி என்று அவர் கருதினார்.

1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை ஹில்லும், ஜெர்மனியரான ஒட்டோ மேயர்ஹோஃபும் பகிர்ந்துகொண்டார்கள். இரு நாடுகளும் போரிட்டு ஓய்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. 1923இல் ஹில் இங்கே, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். ஹிட்லரின் ஆட்சி யூத அறிஞர்களை விரட்டத் தொடங்கியபோது, அவர்களுக்கு உதவும் அமைப்பை 1933இல் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1935இல் அகதியாக அவருடைய ஆய்வுகூடத்துக்கு வந்த பெர்னாட் கற்ஸ், 1970இல் தாமும் நோபல் பரிசு பெற்றார். அகதிகளின் பிள்ளைகளான நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சரி, பிழைக்கு வருவோம். 1930இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஐனர் லுண்ட்ஸ்கார்ட், லக்டிக் அமிலத்தை உண்டாக்கவே முடியாதபடி ஒரு தசைக்கு நஞ்சூட்டினார். அப்போதும் அது சுருங்கியது! ஹில்லின் விளக்கத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. நோபல் பரிசு வாங்கியவர் பிடிவாதம் பிடித்திருக்கலாம். அவரோ 1932இல் தசை ஆய்வில் ஒரு புரட்சி நடந்துவிட்டது என்று தாமே கட்டுரை எழுதினார். அறிஞர் திருந்திவிட்டார். ஆனால் ஓட்டக்காரர்களின் வாயில் லக்டிக் அமிலம் குற்றவாளியாகவே நின்றுவிட்டது. அது மறுநாள் நோவுக்கும் காரணம் என்ற கதையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

உண்மையில், ஓட்டம் நின்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். இதயம் அதை எரிபொருளாக எரிக்கிறது. ஈரல் அதைக் குளுக்கோஸாக மாற்றித் திருப்பி அனுப்புகிறது. என் கால் மிக மோசமாக நொந்தது இரண்டாம் நாள். சம்பவம் நடந்தபோது குற்றவாளி ஊரிலேயே இல்லை!

அப்படியானால் யார்? அமெரிக்காவில் தியடோர் ஹாஃப் 1902லேயே சரியாக ஊகித்திருந்தார்: தசைக்குள் நுண்ணிய கிழிசல்கள். 1981இல் சுவீடன் ஆய்வாளர்கள் சிலரைப் படிக்கட்டுகளில் திரும்பத் திரும்ப இறங்கி ஓடச் செய்து, தசையில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இழைகளின் ஒழுங்கு குலைந்திருந்தது. 1983இல் இன்னொரு சோதனை. சமதளத்தில் ஓடியவர்களுக்கு லக்டிக் அமிலம் கூடியது, பிறகு நோகவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அது கூடவில்லை, ஆனால் நன்றாக நொந்தது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, அதுதான் கிழிக்கிறது. ரியூப் படியில் என் கால் சொன்னதும் இதைத்தான்.

கிழிந்த இடத்துக்கு முதலில் துப்புரவு செய்யும் கலங்கள் வருகின்றன. பிறகு தசையோடு ஒட்டி உறங்கிக்கொண்டிருக்கும் துணைக்கலங்கள் விழித்து, பெருகி, இழையோடு இணைந்து அதைச் செப்பனிடுகின்றன. அடுத்த முறை அதே சரிவு அவ்வளவு நோகாது. ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும், உறக்கமும் வேண்டும்.

சோறும் வேண்டும். 1966இல் சுவீடனின் பேர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இருவரும் ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் இருந்து, ஆளுக்கு ஒரு காலால் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாச்சத்து உணவு. உழைத்த காலில் சேர்ந்த கிளைக்கோஜன், சும்மா இருந்த காலில் இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஓடிவிட்டு வந்தால் அம்மா சோற்றை அள்ளி வைப்பதைப் பார்த்து இனி முகம் சுளிக்காதீர்கள்.

தம்பிமார், தங்கச்சிமார், ஜிம்மில் "நோவு இல்லாவிட்டால் பயன் இல்லை" என்று யாராவது சொன்னால் இதை நினையுங்கள். நோவு என்பது உள்ளே திருத்த வேலை நடக்கிறது என்ற அறிவிப்புப் பலகை. மெல்ல நடக்கலாம், பாரம் ஏற்றக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் எலும்பு குத்தினாலோ, கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனாலோ, உடனே டொக்டரிடம் போங்கள்.

என் கால் கட்டோடு இருந்தபோது அப்பா பக்கத்தில் இருந்து சொன்னார்: "தோட்டக்காணியையே ஒரு போகம் சும்மா விடுறனாங்கள். உன்ர காலுக்கு லீவு இல்லையோ?"

சொன்னவர் இருபது வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையும், சனி ஞாயிறில் இன்னொரு வேலையும் செய்தவர். அந்தக் கால்களுக்கு யாரும் லீவு கொடுக்கவில்லை. நான் ஓய்வெடுக்க முடிவதே அந்தக் கால்கள் கட்டிய கடனால்தான். அன்று அவருடைய காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். "விடடா, கூசுது" என்றார். ஆனால் எடுக்கவில்லை.