பாட்டியின் சட்டை

இன்று என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் நினைவு நாள். 1898-ல் பிறந்து 1992-ல் மறைந்தார். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு கற்பித்த நான் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாட்டி பிறந்தபோது அது திருவிதாங்கூர். 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1969-ல் அதற்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. சபைக்கும் இப்படித்தான். லண்டன் மிஷன் சபையாக இருந்தது 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பர் 27 முதல் தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. இத்தனை மாறியும், கோயிலில் பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் பாட்டி பாய் விரித்து உட்காரும் இடம் மட்டும் மாறவில்லை.

பத்து வயதில் ரேந்தை பின்னப் பழகியவர். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் அது. திண்டின் மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். அந்தக் கூலியில்தான் அப்பாவின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டப்பட்டது. பாட்டிக்குக் கண் மங்கியதும் அதனால்தான்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். 1942-ல் பர்மா அரிசி வரத்து நின்று திருவிதாங்கூரே மரச்சீனியை நம்பிப் பிழைத்த காலத்தில், அரிசிக்குப் பதிலாக உலர்ந்த மரச்சீனித் துண்டு ஒன்றைப் போட்டாராம். அப்பா சொல்லியிருக்கிறார்.

இனி, என் மனதை உறுத்தும் சங்கதிக்கு வருகிறேன்.

எழுபதுகளில் ஒரு மே மாதம். நல்ல வெக்கை. பாட்டி திண்ணையில் முழுக்கைச் சட்டையோடு விசிறிக்கொண்டு இருந்தார். "பாட்டி, வீட்டுல நாமதானே இருக்கோம், அந்தச் சட்டையக் கழத்திட்டு காத்தாட இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மக்களே, எனக்க பாட்டிக்க தோளுல கெடந்த துணியச் சந்தையில வச்சு கிழிச்சாவ. பின்ன நான் எப்பிடிக் கழத்துவேன்?" என்றார்.

அவ்வளவுதான். வேதப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டார். எனக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு இருந்தது. எழுந்து போய்விட்டேன்.

வகுப்பில் அதே தோள்சீலைப் போராட்டத்தை நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்க, திவான் மாதவராவ் காலத்தில், 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணையிட்டார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது. கடைசி நிபந்தனையை மாணவர்கள் மறக்காமல் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அதற்குத் தனி மதிப்பெண்.

ஆளுநர் பெயரும் திவான் பெயரும் பாடத்தில் இருந்தன. துணி கிழிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அப்படி ஒருத்தியின் பேத்தி என் வீட்டுத் திண்ணையில் இருந்தார். எந்தச் சந்தை, அப்போது அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, யார் வீட்டுக்குக் கூட்டிவந்தது, மறுநாள் சந்தைக்குப் போனாளா - ஒன்றையும் நான் கேட்கவில்லை. அதன்பின் பதினைந்து வருடத்துக்கு மேல் பாட்டி இருந்தார். நாளைக்குக் கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன்.

94 வயதில், ஓர் அதிகாலை ஜெபத்துக்குப் பிறகு படுத்தவர் எழவில்லை. அவர் சொல்லிவைத்தபடியே முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம். கழுத்தில் அவர் பின்னிய ரேந்தை இருந்தது.

உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால், இன்று சாயந்திரம் பக்கத்தில் போய் உட்காருங்கள். விடைத்தாள் கட்டு அங்கேயே கிடக்கட்டும்.