சிக்கனம் யாருக்குச் சொன்ன பாடம்? - சுவீடன் சேமிப்பு வங்கிகளை முன்வைத்து

ஒரு வங்கியின் வரலாற்றைப் படிக்கும்போது நான் மூன்று கேள்விகளோடுதான் உட்காருவேன். பணம் யாருடையது? பெட்டிச் சாவி யார் கையில் இருந்தது? காசைக் கொடுத்துவிட்டு நின்றது யார், கணக்கெழுத உட்கார்ந்தது யார்? சுவீடன் சேமிப்பு வங்கிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில், நல்ல மனசுள்ள பெரியவர்கள் ஏழைகளுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான் அதை ஏழையின் பக்கம் நின்று வாசிக்கிறேன்.

1820இல் கோதன்பர்க் துறைமுக நகரில் முதல் சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. முன்கை எடுத்தவர் எடுவார்ட் லூடென்டோர்ஃப் என்ற வணிகர். மாதிரி ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அங்கே ரத்வெல் என்ற ஊரில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் 1810இல் இப்படியொரு வங்கியைத் தொடங்கியிருந்தார். வேலைக்காரர்களும் கைவினைஞர்களும் கூலிகளும் சில்லறைக் காசைப் போட்டு வைக்கணும், வட்டி சேரும், நோய் வந்தாலும் வயசானாலும் ஊர் உதவிக்குக் கையேந்த வேண்டாம் என்பது திட்டம். கேட்க நல்லாத்தான் இருக்குது. ஆனால் ஏழைகளைப் பராமரிக்கும் செலவு யார் தலையில் விழுந்தது? வரி கட்டிய சொத்துக்காரர்கள் தலையில். ஏழை தன் முதுமையைத் தானே பார்த்துக்கொண்டால் அவர்களுக்குச் செலவு மிச்சம்.

இந்த வங்கிகளுக்குப் பங்குதாரர் கிடையாது. லாபம் வங்கியின் இருப்பிலேயே சேரும், கொஞ்சம் ஊர் நற்காரியங்களுக்குப் போகும். முதலாளி இல்லாத வங்கி என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, பணம் போட்டவன் முதலாளியா? அதுவும் இல்லை. வணிகர், அதிகாரி, பாதிரியார், பண்ணையார் என்று கூடிய பொறுப்பாளர்கள் தமக்குப் பின் வருகிறவர்களையும் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை உள்ளாட்சிகள் தேர்ந்தெடுக்கும் முறை ரொம்பப் பிந்தித்தான் வந்தது. அந்த உள்ளாட்சிகளின் லட்சணத்தையும் பார்க்கணும். 1862க்குப் பின் அங்கே ஆளுக்கொரு ஓட்டு என்ற பேச்சே இல்லை. வருமானத்துக்கும் சொத்துக்கும் ஏற்ப ஓட்டு. 1871இல் 54 ஊராட்சிகளில் ஒரே ஒருவர் கையில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு இருந்தது.

சேமிக்கச் சொல்லப்பட்ட வேலைக்காரர்களின் நிலை என்ன? 1833ஆம் ஆண்டின் வேலையாள் சட்டம் அவர்களை எசமானோடு கட்டிப்போட்டது. வயது வந்த வேலையாளை எசமான் அடிக்கலாம் என்ற உரிமை 1858இல்தான் போனது. சட்டம் முழுசாக நீங்க 1926 ஆயிற்று. மணமான பெண் தன் உழைப்பில் வந்த காசைத் தானே கையாளும் உரிமை 1874இல் கிடைத்தது. அதுவரை சட்டப்படி அந்தக் காசு புருஷன் பொறுப்பில்.

இவர்களுக்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. பெரும் பண்ணைகளில் குடும்பத்தோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் உழைத்த ‘ஸ்டாட்டாரே’ என்ற பண்ணைக்கூலிகள். கூலியில் பெரும்பகுதி தானியம், பால், உருளைக்கிழங்கு, விறகு, ஒரு இருண்ட குடியிருப்பு. காசு கொஞ்சம்தான். ஆண் ஒப்பந்தம் போட்டால் மனைவியும் பண்ணை மாடுகளைப் பால் கறந்தாகணும். இதை ‘வெள்ளைச் சாட்டை’ என்றார்கள். கூலியை நெல்லாக அளந்து வாங்கிய வீட்டில் பிறந்தவன் நான்; இதற்கு எனக்கு விளக்கம் வேண்டாம். அளந்து போட்ட தானியத்தை எந்த வங்கியில் போடுவது? ‘நீ ஏன் சேமிக்கலை’ என்று கேட்கிறவன் முதலில் ‘உனக்குக் கூலி எதில் கொடுக்கிறான்’ என்று கேட்கணும். இந்த முறை 1945இல்தான் ஒழிந்தது. ஒழிந்ததில் தொழிற்சங்கத்துக்குப் பங்குண்டு, எழுத்துக்கும் பங்குண்டு. ஸ்டாட்டாரே பெற்றோருக்குப் பிறந்த இவார் லோ-யோஹான்சன் தம் மக்களின் வாழ்வைக் கதைகளாக எழுதி நாட்டின் முகத்துக்கு நேரே வைத்தார்.

ஏழைக் குழந்தைகளையும் முதியவர்களையும் ஏலம் விட்டு, யார் குறைந்த தொகைக்கு வைத்துக்கொள்கிறாரோ அவரிடம் ஒப்படைக்கும் வழக்கமும் அந்த நாட்டில் இருந்தது. அதைச் சேமிப்பு வங்கி நிறுத்தவில்லை. 1918ஆம் ஆண்டின் சட்டம் நிறுத்தியது. முதுமைக்கு ஓய்வூதியம் 1913இல் சட்டமானது, 1948இல் விரிவானது. சிக்கனம் தருவதாகச் சொன்ன பாதுகாப்பை, ஓட்டும் சங்கமும் உரிமையாக வாங்கித் தந்தன.

ஆனால் பிரச்சாரம் ஓயவில்லை. 1926 முதல் சேமிப்பு வங்கிகள் ‘அதிர்ஷ்டக் காசு’ என்று பொருள்படும் ‘லிக்கோஸ்லான்டன்’ பத்திரிகையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தன. அதில் ‘ஸ்பாரா’, ‘ஸ்லோசா’ என்று இரண்டு சிறுமிகள் வரும் படக்கதை. பெயருக்கு அர்த்தமே சேமி, வீணாக்கு. சேமிக்கிறவள் நல்லா இருப்பாள், செலவழிக்கிறவள் அவதிப்படுவாள். அப்பன் என்ன கூலி வாங்குகிறான் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் இடமில்லை. வறுமை குணக்கேடாகிவிடுகிறது. அதிகாரம் பிள்ளைகளிடம் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1923இல் ஸ்டாக்ஹோம் வாடகைக் குடியிருப்போர் எச்.எஸ்.பி. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயரிலேயே சேமிப்பு நிதியும் கட்டுமானமும் உண்டு. உறுப்பினர் காசு சேர்த்தார்கள், கூட்டுறவாக வீடு கட்டினார்கள். அதே சேமிப்புதான். ஆனால் முடிவெடுக்கிற இடத்தில் சேமித்தவர்களே உட்கார்ந்தார்கள்.

பழைய வங்கிகள் என்ன ஆயின? 1990களின் தொடக்கத்தில் சுவீடனின் வங்கித் துறையே ஆடிப்போனது. பெரிய சேமிப்பு வங்கிகள் பல 1992இல் ஒன்றாகிப் பங்கு நிறுவனமாயின; பங்குகள் அறக்கட்டளைகளிடம் போயின, 1995இல் பங்குச் சந்தைக்கும் வந்தன. தலைமுறை தலைமுறையாகக் காசு போட்டவன் பாஸ்புத்தகத்துக்கு வட்டி இருந்தது, பங்கு இல்லை. 1997இல் இன்னொரு வங்கியோடு இணைந்த அந்த நிறுவனம் 2006இல் ‘சுவெட்பேங்க்’ ஆனது. 2020இல், பால்டிக் நாடுகளில் கறுப்புப் பணம் வெள்ளையாவதைத் தடுக்கும் ஏற்பாடுகள் சரியில்லை என்று நிதிக் கண்காணிப்பு ஆணையம் அதற்கு 400 கோடி குரோனா அபராதம் போட்டது. பிள்ளைகளுக்குச் சில்லறைக் காசின் ஒழுக்கத்தைப் போதித்த பரம்பரை இது!

சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் நாலு காசு இருந்தால்தான் எசமானை எதிர்த்து ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும். ஆனால் கூலி கேட்டு வாய் திறக்கும் இடத்தில் சிக்கனத்தைப் போதிக்க வருகிறவனை நம்பாதீர்கள். கூட்டமாகக் காசு சேர்த்தால் கணக்குப் புத்தகத்தையும் சாவியையும் உங்கள் ஆளிடமே வைத்துக்கொள்ளுங்கள்.