வீட்டுப் பரிசோதனை அறிக்கை: படம் மட்டும் இருந்தால் போதுமா?

ஆயர் தாவாரில் ஒரு தாமானில் புது வீட்டுச் சாவி உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். அப்பா அம்மா இபிஎஃப் சேமிப்பை எடுத்து முன்பணம் கட்டியிருக்கிறார்கள். குடும்பத்தின் பெயரில் இதுதான் முதல் வீடு.

ஒரு பரிசோதகரைக் கூப்பிட்டு வீட்டைப் பார்க்கச் சொல்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் 60 பக்க பிடிஎஃப் வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் படம், படத்துக்குப் படம் சிவப்பு வட்டம். கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: 'கிராக்'. இல்லாவிட்டால் 'மோனிட்டர்'. நீங்கள்தான் அதை அப்பா அம்மாவுக்குப் படித்துச் சொல்கிறீர்கள். அம்மா கேட்கிறார்: "அப்ப நாம என்ன செய்யணும்?"

அதற்கு அந்த அறிக்கையில் பதில் இல்லை என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது ஓர் ஆல்பம்தான். நல்ல அறிக்கை எப்படி இருக்கும்? பார்ப்போம்.

இதில் என்ன அவசரம்?

மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் புது வீடுகளுக்கு, 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அரசு வகுத்த ஒப்பந்தப் படிவம் உண்டு. தரை வீட்டுக்கு அட்டவணை 'ஜி', அடுக்குமாடிக்கு அட்டவணை 'எச்'. அதன்படி, வீட்டை நீங்கள் பொறுப்பேற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். 'டிஎல்பி' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

எழுத்து மூலம் நீங்கள் தெரிவித்த 30 நாட்களுக்குள் அவர் பழுது பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், எவ்வளவு செலவாகும் என்று அவருக்குத் தெரிவித்து, அவரே செய்துகொடுக்க இன்னும் 14 நாள் கொடுக்க வேண்டும். அதற்கும் அவர் அசையவில்லை என்றால் நீங்களே ஆள் வைத்துச் செய்து, அந்தச் செலவை அவரிடம் கோரலாம்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டு விலையில் 5% மேம்பாட்டாளரின் வழக்கறிஞரிடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். 300,000 ரிங்கிட் வீடு என்றால் 15,000 ரிங்கிட். அதில் பாதி 8 மாதத்திலும், மீதி 24 மாதத்திலும் மேம்பாட்டாளர் கைக்குப் போய்விடும். ஆக, "அப்புறம் பார்க்கலாம்லா" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பிடி தளர்கிறது.

ஒரு குறையை எப்படி எழுத வேண்டும்?

சட்டம் காக்கும் குறைகள் எவை என்பதை முதலில் கவனியுங்கள்: மோசமான வேலைப்பாடு, தரமில்லாத பொருள், அல்லது அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி கட்டாதது. எனவே 'விரிசல் இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. எதனால் வந்தது என்றும் சொல்ல வேண்டும். இல்லையென்றால், "நீங்க ரெனோவேஷன் பண்ணப்போ வந்தது" என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது: 'படுக்கையறைச் சுவரில் விரிசல். கவனித்து வரவும்.'

இரண்டாவது: 'பின் படுக்கையறை, ஜன்னலின் இடது மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல். நீளம் 60 செ.மீ., அகலம் 2 மி.மீ. வெளிச்சுவரிலும் அதே இடத்தில் தெரிகிறது. எனவே இது சாந்துப் பூச்சோடு நிற்கவில்லை. ஜன்னல் மேல் தாங்குகட்டை போதிய நீளம் இல்லாதது காரணமாக இருக்கலாம். பூசி மறைப்பதற்கு முன் மேம்பாட்டாளர் திறந்து பார்த்துக் காரணத்தை உறுதிசெய்ய வேண்டும்.'

இரண்டாவது குறிப்பில் இடம், அளவு, சான்று, காரணம், அடுத்த வேலை ஐந்தும் உண்டு. 'உறுதியாக' என்று அடித்துச் சொல்லாமல் 'இருக்கலாம்' என்று எழுதியிருப்பதும் நேர்மைதான். கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது என்று அது பிரித்துக் காட்டுகிறது.

அளவு ஏன் முக்கியம்? பிரிட்டனின் கட்டட ஆய்வு நிறுவனமான பிஆர்இ, விரிசல்களை அகலத்தை வைத்தும் வகைப்படுத்துகிறது. 1 மி.மீ. வரை மிகச் சிறியது, பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். 5 மி.மீ. தாண்டினால் சுவரைத் திறந்து பழுது பார்க்க வேண்டியிருக்கும். 25 மி.மீ. தாண்டினால் கட்டடத்தின் உறுதியே கேள்விக்குறி. அளவு எழுதாத அறிக்கையில் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆறு மாதம் கழித்து விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் வழியிருக்காது.

'மோனிட்டர்' என்ற சொல்லே தப்பில்லை. யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எதை அளக்க வேண்டும், எவ்வளவு கூடினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கூடவே எழுதியிருந்தால் அது ஆலோசனை. எழுதாவிட்டால், பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பார்க்காததையும் எழுத வேண்டுமா?

கட்டாயம். இதற்கு இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு: ஸ்மித் எதிர் புஷ். கடன் கொடுக்கும் நிறுவனம் அனுப்பிய பரிசோதகர், 'அவசியமான பழுது எதுவும் இல்லை' என்று அறிக்கை கொடுத்தார். அதை நம்பிப் பெண்மணி ஒருவர் வீட்டை வாங்கினார். சுமார் 18 மாதம் கழித்து, புகைபோக்கியின் செங்கற்கள் கூரையறை வழியாகப் படுக்கையறைக்குள் இடிந்து விழுந்தன. கீழே புகைபோக்கிச் சுவரை யாரோ அகற்றியிருந்ததைப் பரிசோதகர் பார்த்திருந்தார். மேலே மிஞ்சிய பகுதியை எது தாங்குகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. 'நாங்கள் பொறுப்பல்ல' என்று தாளில் அச்சிட்டிருந்தும், வாங்கியவருக்குப் பரிசோதகர் பொறுப்பு என்று 1989-இல் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது.

அது அந்த நாட்டுத் தீர்ப்பு. நமக்குப் பாடம் வேறு: 'கூரைக்குள் ஏற வழியில்லை, அதனால் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் ஏணி கொண்டுவந்து பார்க்கலாம். ஒன்றுமே எழுதாவிட்டால், எல்லாம் சரி என்றுதான் நினைத்துக்கொள்வோம்.

கருவிகளுக்கும் இதே விதிதான். வெப்பப் படக் கேமரா தண்ணீரைக் காட்டாது. சுவரின் மேற்பரப்பு வெப்ப வித்தியாசத்தைத்தான் காட்டும். 'கசிவு' என்று எழுத, ஈரமானியால் சோதித்த அளவும் கூட வேண்டும்.

நம்ம ஊர் மண்ணுக்கு என்ன கேட்கணும்?

ஆயர் தாவார், சித்தியவான் வட்டாரத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம் ஏராளம். மண்ணுக்குள் விட்டுப்போன கட்டையும் வேரும் கரையானுக்குத் தீனி. கதவு நிலையில் மண் கோடு உண்டா, மரத்தைத் தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கிறதா, கட்டும்போது மண்ணுக்குக் கரையான் மருந்து அடித்ததற்கு ஆவணம் இருக்கிறதா? மூன்றுக்கும் அறிக்கையில் பதில் வேண்டும்.

இளகிய மண்ணில் இன்னொன்றும் நடக்கும். வீடு பைலிங் மேல் நிற்கும். கார் போர்ச் தரை வெறும் மண் மேல் கிடக்கும். மண் இறங்கும்போது இரண்டும் சேரும் இடத்தில் வெடிக்கும். பிளந்தது தரை மட்டுமா, தூணும் சேர்த்தா என்று அறிக்கை தெளிவாகச் சொல்ல வேண்டும். ஈப்போ பக்கம் வாங்குகிறவர்கள், நிலம் பழைய ஈயச் சுரங்கமாக இருந்ததா என்றும் விசாரிப்பது நல்லது.

பழைய வீடு என்றால்?

ஒருவர் குடியிருந்த வீட்டையோ ஏல வீட்டையோ வாங்கினால் அந்த 24 மாதப் பாதுகாப்பை நம்ப முடியாது. பெரும்பாலும் 'இருக்கிற நிலையில்' என்றுதான் ஒப்பந்தம் இருக்கும். எனவே கையெழுத்துக்கு முன்பே பரிசோதனை செய்ய வேண்டும். ஏல வீட்டுக்குள் போகவே முடியாமலும் இருக்கலாம். அப்போது அந்த ஆபத்தையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

மலேசியாவில் பொறியாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் சட்டப்படி பதிவு வாரியங்கள் உண்டு. 'ஹோம் இன்ஸ்பெக்டர்' என்ற பெயருக்கு அப்படித் தனி உரிமம் கிடையாது. அதனால் விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

• பழைய அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா? (பெயர், முகவரியை மறைத்துக் கொடுக்கட்டும்.)
• எதையெல்லாம் பார்க்க மாட்டீர்கள்?
• அறிக்கையில் பெயர், தகுதி, தேதியோடு கையெழுத்துப் போடுவீர்களா?
• பழுது வேலையும் நீங்களே எடுக்கிறீர்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் வீட்டுப் பரிசோதகர் சங்கமான ஆஷி, தன் உறுப்பினர்கள் பரிசோதித்த வீட்டில் ஓராண்டுக்குக் கூலிக்குப் பழுது வேலை எடுக்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. குறையைக் கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து சம்பாதிப்பவராக இருந்தால், சின்ன விரிசலும் பெரிதாகத் தெரியும்.

மேம்பாட்டாளர் கேட்கவில்லை என்றால்?

வீடு வாங்குவோர் தீர்ப்பாயம், அதாவது டிடிபிஆர், 2002 முதல் இயங்குகிறது. மனுக் கட்டணம் 10 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். டிஎல்பி முடிந்து 12 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது மூன்று தாள்கள்: பரிசோதனை அறிக்கை, நீங்கள் அனுப்பிய கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி. எனவே ரெனோவேஷன் தொடங்குவதற்கு முன்பே பரிசோதனையை முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதோடு நிறுத்தாமல், கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒவ்வொரு குறிப்பையும் அம்மாவுக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே, எவ்வளவு, எதனால், அடுத்து என்ன? இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் உங்களுக்கு நாக்கு தடுக்கும். தடுத்த இடத்தையெல்லாம் குறித்து, பரிசோதகருக்கே திருப்பி அனுப்புங்கள். காசு கொடுத்த நீங்கள் அதைக் கேட்பது நியாயம்தான்.