பானை எங்கே முடியுது, சிலை எங்கே தொடங்குது?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வி. பானையையும் சிலையையும் எப்படிப் பிரிப்பீங்க? "பானையில தண்ணி ஊத்தலாம், சிலையைப் பார்க்கத்தான் முடியும்"னு சொல்லத் தோணும், இல்லையா?

முதல்ல ஆதிச்சநல்லூருக்குப் போவோம். தாமிரபரணிக் கரையில இருக்கிற இரும்புக்கால இடுகாடு அது. 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே மறுபடியும் தோண்டத் தொடங்கியது. அந்த அகழாய்வில், முதுமக்கள் தாழிகளுக்கு நடுவே ஒரு பானை ஓடு கிடைத்தது. அதுல ஒரு பெண், கொக்கு, மான், முதலை. எல்லாமே ஈரக் களிமண்ணை மேலே ஒட்டிப் புடைப்பாக எழுப்பிய உருவங்கள். இது பானையா, சிற்பமா?

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் ஐயனார் கோயில்ல மண்குதிரைகள் வரிசையா நிற்கும். பார்த்தா முழுச் சிற்பம். ஆனா செய்யிற முறை பானையோடது. கால்கள் உள்ளே கூடான குழாய்கள். உடம்பையும் பெரிய தாழி மாதிரி, மண்ணை அடுக்கடுக்கா ஏற்றி, தட்டித் தட்டித்தான் வளர்க்கணும். சுவர் ரொம்பக் கனமா இருந்தா, உள்ளே தங்கிய ஈரம் சூளையில ஆவியாகி வெடிச்சிரும். செய்யிறவங்களும் அதே வேளார்கள்தான். பொங்கல் பானையும் அவங்க கை, குதிரையும் அவங்க கை.

அப்போ குதிரையை வேற ஒண்ணா மாத்துறது எது? சடங்கு. புரவி எடுப்புக்கு முன்னாடி ஊர்க்காரங்க வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுப்பாங்க. அதுக்குப் பேரே பிடிமண். வேலை முடிஞ்சதும் கண் திறப்பு. அதுக்கப்புறம் அது சாமியோட குதிரை.

விழா முடிஞ்சா அதை யாரும் பூட்டி வைக்கிறதில்லை. வெயில்லயும் மழையிலயும் நின்னு மெல்ல உடையும். அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக்குதிரை வரும், பானை உடைஞ்சா புதுப்பானை வாங்குற மாதிரி.

இப்போ பல ஊர்கள்ல சிமெண்டுக் குதிரை வந்தாச்சு. ரொம்ப வருஷம் நிற்கும், நல்லதுதானேன்னு தோணும். ஆனா குதிரை உடையலைன்னா அடுத்த முறை பிடிமண்ணோட வேளார் வீட்டுக்கு யார் போவாங்க? அவர் பிள்ளை யாரிடம் இந்த வேலையைக் கத்துக்கும்?

அடுத்த தடவை ஊருக்குப் போனா, உடைஞ்ச குதிரை ஒண்ணைப் பக்கத்துல போய்ப் பாருங்க. உள்ளே தெரியிறது பானைதான்.