கணக்குக் காட்டாதவரோட மச்சான்: உத்திரமேரூர் கல்வெட்டும் "குடும்பம் இல்லை" என்ற பிரச்சாரமும்

இந்த எபிசோட்ல நாம போகப்போறது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்கு. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்போம். ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. பரீட்சைக்கு அது போதும். ஆனா அதே கல்வெட்டுல பாடப்புத்தகம் அதிகம் பேசாத ஒரு பட்டியல் இருக்கு. அது சொந்தக்காரங்க பட்டியல்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919-லயும் 921-லயும், இந்த ஊர்ச் சபை எடுத்த முடிவுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல வெட்டப்பட்டிருக்கு. ஊரை 30 குடும்புகளாகப் பிரிச்சாங்க. குடும்புன்னா இன்னைக்கு நாம சொல்ற வார்டு மாதிரி. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம்னு தனித்தனிக் குழுக்கள். 921-ஆம் ஆண்டு விதிப்படி வயசு 35-லிருந்து 70-க்குள்ள இருக்கணும். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலமும், சொந்த மனையில வீடும் இருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். இதை எல்லாருக்குமான ஜனநாயகம்னு சொல்லிட முடியாது. நிலம் வச்சிருந்த பிராமண ஆண்களோட சபை அது. பெண்களுக்கும் இடமில்லை, அந்த நிலத்துல உழுதவங்களுக்கும் இடமில்லை.

இப்ப அந்தப் பட்டியலுக்கு வருவோம். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரை மறுபடி குடத்துல போடக்கூடாது. அதோட நிக்கலை. அவரோட அப்பா, மகன், சித்தப்பா பெரியப்பா, தாய்மாமன், சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை மாமா பிள்ளைங்க, மாமனார், மச்சான், மருமகன், அக்கா தங்கச்சியோட கணவர்னு அடுக்கி, இவங்க யாரோட பேரும் வரக்கூடாதுன்னு சொல்லுது கல்வெட்டு. ஒருத்தர் சுருட்டினா அது எந்த வீட்டுக்கெல்லாம் போய்ச் சேரும்னு அந்தச் சபைக்குத் தெரிஞ்சிருக்கு.

பொதுப் பதவிக்கு வர்றவரைப் பார்த்து "உன் சொந்தக்காரங்க யாரு?"ன்னு கேட்குற வழக்கம், ஆக, 1,100 வருஷப் பழசு.

இந்தக் கேள்விக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு பதில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி வட இந்தியாவுல வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூர் தொகுதியில ஷப்னம் மௌசி ஜெயிச்சு, நாட்டின் முதல் திருநங்கை எம்.எல்.ஏ. ஆனார். கட்னியில கமலா ஜான், கோரக்பூர்ல ஆஷா தேவி ரெண்டு பேரும் மேயர் ஆனாங்க. அந்தக் காலத்துத் திருநங்கை வேட்பாளர்கள் பலரோட பிரச்சாரத்துல ஒரு வாதம் திரும்பத் திரும்ப வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, மருமகன் இல்லை, யாருக்காகச் சொத்து சேர்க்கப்போறோம்? வாரிசு அரசியல்ல சலிச்சுப்போன மக்களும் கைதட்டினாங்க. உத்திரமேரூர் சபை கேட்டிருந்தா அதுவும் தலையாட்டியிருக்கும்!

ஆனா அது முழு உண்மையா?

முதல்ல, அவங்களுக்கு உறவே இல்லைன்னு சொல்ல முடியாது. குரு, சேலா, நானின்னு பல தலைமுறையா வர்ற உறவுமுறை அந்தச் சமூகத்துக்குள்ள இருக்கு. தமிழ்நாட்டுலயும் மூத்த திருநங்கை ஒருத்தர் இளையவரை மகளாத் தத்தெடுக்கிற வழக்கம் உண்டு. அடுத்தது, பெத்த குடும்பம் ஏன் இல்லை? அவங்கள்ல பெரும்பாலானவங்க குடும்பம் வேண்டாம்னு துறவறம் போனவங்க இல்லையே. வீட்டை விட்டு விரட்டப்பட்டவங்க, இல்லைன்னா அடி தாங்காம வெளியேறினவங்க. அந்தக் காயத்தைத்தான் பிரச்சாரம் ஒரு தகுதியா மாத்திக் காட்டுச்சு. கேட்டவங்களும் கைதட்டினாங்களே தவிர, "உன்னை விரட்டினது யாரு?"ன்னு கேட்கலை.

கமலா ஜான் கதை இன்னும் கசப்பானது. கட்னி மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் யாருன்னு தெரிஞ்சேதான் மக்கள் ஓட்டுப் போட்டாங்க. நீதிமன்றம் அவரை ஆண் என்று சொல்லித் தேர்தலை ரத்து செய்தது. 2003-ல உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் ஊருக்கு எதையும் மறைக்கலை. அவருக்கான கட்டம்தான் படிவத்துல இல்லை.

அந்தக் கட்டம் மெதுவா வந்தது. 2008 ஏப்ரல்ல தமிழ்நாடு நலவாரியம் அமைச்சது. 2009-ல தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியல்ல "இதரர்" என்ற பிரிவைச் சேர்த்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2022 பிப்ரவரியில வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டுல தி.மு.க. வேட்பாளரா நின்ன திருநங்கை கங்கா ஜெயிச்சு கவுன்சிலர் ஆனார்.

வீட்டுக்குள்ள என்ன ஆச்சு? 2019-ல வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெற்றோரும் நெருங்கிய குடும்பத்தாரும் இருக்கிற வீட்டில் வாழும் உரிமையைத் தருது. ஆனா குடும்பம்னா ரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து, இவ்வளவுதான் கணக்கு. வீடு விரட்டினப்ப சோறு போட்டு வளர்த்த தாய் இந்தப் பட்டியல்ல வர மாட்டாங்க. உத்திரமேரூர் கல்வெட்டு மச்சானை மறக்கலை, நம்ம சட்டம் இவங்களை மறந்துடுச்சு.

இதே கேள்வியைத் திருநர் பிள்ளை இருக்குற வேட்பாளர் பக்கமும் திருப்பலாம். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அப்புறம், வேட்பாளர் தன்னோட சொத்து, துணையோட சொத்து, தன்னைச் சார்ந்தவங்க சொத்து எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல காட்டணும். பிள்ளையோட பாலினத்தைக் காட்டச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கலை, கேட்கவும் கூடாது. அதைச் சொல்றதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அந்தப் பிள்ளை. ஆனா "குடும்பப் பாசம்" பேசி ஓட்டுக் கேட்டுட்டு, போஸ்டர்ல இருந்து ஒரு பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்தா, அது ரகசியம் காக்குறது இல்லை, பொய். அமெரிக்காவுல குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மயாமி எம்.பி. இலியானா ரோஸ்-லெட்டினென் 2016-ல வேற மாதிரி செஞ்சார். கணவரோடும் திருநம்பியான மகன் ரோட்ரிகோவோடும் ஒரு விளம்பரப் படத்துல வந்து, பிள்ளையை ஏத்துக்கோங்கன்னு பேசினார். மகன் சம்மதத்தோட, மகனும் பக்கத்துல இருக்கச் சொன்ன விஷயம் அது. அதே வருஷத் தேர்தல்லயும் ஜெயிச்சார்.

"எனக்கு யாரும் இல்லை, அதனால நான் நேர்மையானவ"ன்னு ஒரு திருநங்கை மேடையில சொல்ல வேண்டியிருக்குற வரைக்கும், கணக்குக் காட்ட வேண்டியது அவரை விரட்டின வீடும் ஊரும்தான். அவருக்கும் அப்பா, மாமா, மச்சான்னு ஒரு நீளமான பட்டியல் இருக்கணும். அவங்கள்ல யாராவது கணக்குக் காட்டலைன்னா, மத்த எல்லாரையும் போல அவரையும் நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்கணும். சமத்துவம்னா அதுவும் சேர்ந்ததுதான்.