தரகருக்குப் பரீட்சை உண்டா? - உத்திரமேரூர் கல்வெட்டிலிருந்து ரெரா வரை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். பைக்குள் பான் கார்டு, ஆதார், நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"நீ பி.காம் தானே படிக்கிற? இந்த புரோக்கர் லைசென்சுக்கு நெட்ல எழுதிப் போட்டுக் குடு. அது இல்லாம லே-அவுட்காரங்க இனிமே பக்கத்துல சேக்க மாட்டாங்க போல."

உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி அடுத்த கேள்வியைக் கேட்டார். "பரீட்சை ஏதாவது வெப்பாங்களாடா?"

சித்தப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். பிள்ளையார்பாளையத்தில் இருபது வருடம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். முழங்கால் வலி வந்து குழியில் கால் வைக்க முடியாமல் போனதும் தறியை விட்டுவிட்டு வீடு, மனை தரகுக்கு வந்தார். ஆபீஸ் எல்லாம் கிடையாது. டீக்கடை பெஞ்சும் ஒரு செல்போனும்தான்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் சொத்தில் கை வைக்கிறவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று நம் ஊரில் எப்போதிலிருந்து கேட்டிருக்கிறார்கள்? தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு மிகப் பழைய பதில்களில் ஒன்று காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க்குக்கு எல்லோரும் படித்ததுதான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

நாமெல்லாம் ஓலை எடுத்த கதையோடு நிறுத்திவிடுவோம். ஓலையில் யார் பெயர் எழுதலாம், யார் பெயர் எழுதக் கூடாது என்பதுதான் கல்வெட்டின் பெரும்பகுதி. இந்த வாரியத்தார் தரகர்கள் அல்ல. ஆனால் ஏரி, தோட்டம், பொன் என்று ஊர்ப் பொதுச்சொத்து அவர்கள் கையில்தான் இருந்தது. தன்னுடையது அல்லாத பொருளைக் கையாளுகிறவன் என்ற வகையில் தரகரும் அவர்களும் ஒன்றுதான்.

921ஆம் ஆண்டு விதிப்படி, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் படிப்பு இன்னும் அதிகம் வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் 919இல் வயது 30 முதல் 60 வரை என்று இருந்தது. அனுபவத்தில் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இதெல்லாம் பிராமணர் சபைக்கான விதி. நெசவாளிக்கும், உழவனுக்கும், பெண்களுக்கும் அதில் இடமே இல்லை. 'ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஜனநாயகம்' என்று மேடையில் பேசும்போது இதை விட்டுவிடுகிறார்கள். நான் விட விரும்பவில்லை.

ஆனால் அந்தச் சபையின் ஒரு விதியை மட்டும் எந்தக் காலத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவனோடு போகவில்லை. அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது. அவர்களில் யாரும் நிற்க முடியாது. கணக்கு எழுதுகிறவனுக்கும் தனி விதி உண்டு. தன் காலத்துக் கணக்கைக் காட்டி, அது சுத்தம் என்று ஆன பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும், வேறு கணக்கனை வைத்து முடிக்கக் கூடாது. இன்றைய ஆடிட்டிங் வகுப்பில் இதைச் சொன்னால் வாத்தியார் சந்தோஷப்படுவார்.

சரி, நெசவாளிக்கு எங்குமே இடம் இல்லையா என்றால், காஞ்சிபுரத்துக்குள்ளேயே இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் செப்பேடு ஒன்று உள்ளது. 10ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. ஊரகம் கோயில், அதாவது நம் உலகளந்த பெருமாள் கோயிலின் அறக்கட்டளைகளைப் பற்றியது. கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு காஞ்சி நெசவாளர் சேரிகளைச் சேர்ந்தவர்களிடம் கொடுக்கப்பட்டது. கூடவே அந்தக் கணக்கை ஆண்டு வாரியத்தார் சரிபார்க்கவும் ஏற்பாடு இருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. தறிக்காரன் கையில் கோயில் சொத்து, அதன் மேல் ஒரு தணிக்கை!

நிலம் கைமாறும் முறையும் அப்போதே தெளிவாக இருந்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் விலையாவணம், ஆவணக்களரி என்ற சொற்கள் வருகின்றன. விற்கும் நிலத்துக்குக் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என்று நான்கு எல்லையும் சொல்வார்கள். இன்றைய கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள், அதே நான்கு எல்லை இருக்கும். எழுத்து மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

வெள்ளைக்காரர்கள் வந்து இதைச் சட்டமாக்கினார்கள். 1864இல் ஆவணப் பதிவுக்கு ஒரு சட்டம் வந்தது. பிறகு பலமுறை மாற்றி, இன்றும் நடப்பில் உள்ள பதிவுச் சட்டம் 1908இல் வந்தது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு உரிமம் கொடுக்க 1982இல் விதிகள் வந்தன.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பத்திரத்துக்குச் சட்டம் உண்டு. அதை எழுதுகிறவருக்கு உரிமம் உண்டு. ஆனால் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைத்து, விலை பேசி, அட்வான்சுக்குச் சாட்சி நின்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் வரை கூட்டிப் போகிறாரே, அந்தத் தரகருக்கு எந்த உரிமமும் இல்லை. நாட்டில் வேறு வேலை கிடைக்காதவர் எல்லாம் அந்த வேலைக்கு வரலாம்.

கடமை என்று ஒன்றும் இல்லாமல் இல்லை. இரண்டாம் செமஸ்டரில் வணிகச் சட்டம் என்ற பாடத்தில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்தேன். முகவரைப் பற்றி அதில் ஒரு பெரிய அத்தியாயமே உண்டு. 212ஆம் பிரிவு, அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பொதுவாக இருக்கும் திறமையோடும் கவனத்தோடும் முகவர் வேலை செய்ய வேண்டும் என்கிறது. 213ஆம் பிரிவு, முதல்வர் கேட்கும்போது முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. உத்திரமேரூர்ச் சுவரில் இருப்பது லண்டன் வழியாகச் சுற்றி வந்து என் பரீட்சைத் தாளில் விழுந்திருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாது.

வெளிநாட்டில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கேட்டது கொஞ்சம் முன்னாடியே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1917இல் ஒரு சட்டம் போட்டது. அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1919இல் மறுபடி போட்டது, நின்றது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில் 2010இல் புதிய சட்டம் வந்தது. அங்கே படிப்பை முடித்துப் பரீட்சை எழுதித் தேறினால்தான் தரகராக முடியும். ஒரே பேரத்தில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே தரகர் வேலை செய்யக் கூடாது. வீடு விற்கும் பணத்தைத் தரகர் கையால் தொடவே கூடாது.

இந்தியாவுக்கு இது வந்தது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 மூலமாகத்தான். சுருக்கமாக ரெரா. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 மே 1. தமிழ்நாட்டு விதிகள் அதே ஆண்டு ஜூனில் வந்தன. பதிவு செய்ய வேண்டிய லே-அவுட், அடுக்குமாடித் திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தரும் முகவர்கள் தாங்களும் பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் விற்றால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வீதம், அந்தச் சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் போகலாம். பதிவாகாத திட்டத்தை விற்றுத் தரக் கூடாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். மறுபடியும் கணக்கு!

பரீட்சை? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. மகாராஷ்டிரா ரெரா ஆணையம்தான் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று கொண்டுவந்தது. இன்னொரு விஷயமும் உண்டு. தெருவில் ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும் பேரம் இந்தச் சட்டத்துக்குள் வராது. சித்தப்பா செய்யும் தரகில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டதுதான்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அது இல்லாமல் இந்தக் கட்டுரை பாதிதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா சேர்த்து வைத்த காசெல்லாம் போட்டு ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கினார். அக்கா கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்று கணக்கு. காட்டிக்கொடுத்தவர் சித்தப்பா. தரகு தொழிலில் அவருக்கு அது இரண்டாவதோ மூன்றாவதோ பேரம். தாய்ப்பத்திரம் பார்த்தார்கள், வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள், எல்லாம் சரி. லே-அவுட்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கும் தெரியாது.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. விளைநிலமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம், உத்தரவு நியாயமானதுதான். ஆனால் அக்காவுக்கு வரன் முடிவானது அந்த வருடம். மனை விற்கவில்லை. அம்மாவின் நகைகள் போயின. 2017இல் வரன்முறை விதிகள் வந்தபோது கட்டணம் கட்டக் கையில் பணம் இல்லை. பிறகு கடன் வாங்கிக் கட்டினார்கள்.

தெரியாமல் நடந்ததை அப்பா மன்னித்துவிட்டார். மன்னிக்காதது வேறு ஒன்று. மனை போட்டவரிடம் சித்தப்பா தனியாகக் கமிஷன் வாங்கியிருந்தார். அண்ணனிடம் எப்படித் தரகு வாங்குவது என்று அப்பாவிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் வாங்கியதைச் சொல்லவும் இல்லை. வேறு யாரோ சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் பேச்சு இல்லை. இப்போது வருவார், காபி குடிப்பார், அந்த மனையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

பரீட்சை என்று ஒன்று இருந்திருந்தால் சித்தப்பா அங்கீகாரம் பற்றிப் படித்திருப்பார், அந்த நஷ்டம் வந்திருக்காது. அதனால் தேர்வு வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் இரண்டு வருடம் பேச்சு நின்றது படிப்பு இல்லாததால் அல்ல, கணக்குச் சொல்லாததால். உத்திரமேரூர் விதிப்படி சித்தப்பா பெயர் குடத்துக்குள் போகாது. உடன்பிறந்தவர் என்பதால் அப்பா பெயரும் போகாது. ஏமாந்தவரையும் சேர்த்துத் தள்ளிவைக்கும் விதி அது. கொடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒருவன் மறைத்தால் குடும்பமே தலைகுனியும் என்பதை அந்தச் சபையார் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தில் பாதியை நிரப்பிவிட்டேன். பெயர், முகவரி, பான் எண். பிறகு, "பரீட்சை இல்ல சித்தப்பா. ஆனா கணக்கு நோட்டு வெச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு" என்றேன்.

"எந்தக் கணக்கு?"

"யார் கிட்ட எவ்வளவு வாங்கினீங்கன்னு. ரெண்டு பக்கமும்."

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நாளைக்கு ஒரு நோட்டு வாங்கியாறேன். கோடு போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நூறு பக்க நோட்டு ஒன்றோடு வந்தார். தேதி, சொத்து, விற்பவர் தந்தது, வாங்குபவர் தந்தது என்று கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் வரியை அவரே எழுதினார். புதிய பேரம் அல்ல. அந்தப் பழைய மனையும் அன்று வாங்கிய தொகையும். எழுதி முடித்து நோட்டை மூடாமல் அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

விண்ணப்பம் இன்னும் அனுப்பவில்லை. இரண்டு சான்றுகள் பாக்கி. வந்ததும் அனுப்பிவிடுவேன்.

கல்வெட்டு பற்றி எழுதியதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தரகரிடம் லே-அவுட் அங்கீகாரத்தைக் கேளுங்கள், ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பக்கம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்றும் கேளுங்கள். சொந்தக்காரராக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.