மண்டை ஓட்டைக் காணோம்!

மாமல்லபுரம் போய், அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் கிடையாது. அடுத்த முறை போகும்போது, அந்தப் பெரிய யானையின் காலடிப் பக்கம் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பூனை! முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மேலே தவம் செய்யும் முனிவரைப் போலவே அதுவும் 'தவம்' செய்கிறது. சுற்றிலும் எலிகள்!

போலிச் சாமியார் ஜோக், ஏழாம் நூற்றாண்டிலேயே!

பாறையைச் செதுக்க வைத்தவர் மாமல்லன் நரசிம்மவர்மன் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கிண்டல் அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. அப்பா மகேந்திரவர்மன் இதே விஷயத்தை வைத்து ஒரு நாடகமே எழுதியவர். பெயர், 'மத்தவிலாசப் பிரகசனம்'. பிரகசனம் என்றால் சிரிப்பு நாடகம். சம்ஸ்கிருதத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிரிப்பு நாடகங்களில் இதுவும் ஒன்று. ஒரே அங்கம். முக்கியமாக ஐந்தே ஐந்து பாத்திரங்கள். படை, பட்டாளம் எதுவும் வேண்டாம். சின்னக் குழு ஒன்று இருந்தால் போதும்.

கதையைக் கேளுங்கள். காஞ்சிபுரத்துத் தெருவில் சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணைவி தேவசோமாவுடன் தள்ளாடிக்கொண்டு வருகிறான். கையில் இருந்த கபாலத்தை, அதாவது பிச்சை வாங்கும் மண்டை ஓட்டைக் காணோம்! அதில் வறுத்த கறி இருந்ததாம். அப்படியானால் எடுத்தது ஒன்று நாயாக இருக்க வேண்டும், இல்லை புத்த பிட்சுவாக இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அந்தப் பக்கமாக வந்த நாகசேனன் என்ற பிட்சு மாட்டிக்கொள்கிறார். பஞ்சாயத்து பண்ண வருகிற பாசுபதர் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கபாலத்தோடு வருகிறான். தூக்கிக்கொண்டு ஓடியது நாய்தான்!

இதில் ஒரு இடம் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். நீதிமன்றம் போகலாமா என்று பேச்சு வருகிறபோது தேவசோமா அலுத்துக்கொள்கிறாள். பிட்சுவிடம் பணம் இருக்கிறது, அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவார், ஏழைகளான நமக்கு அங்கே என்ன வேலை என்கிறாள். காஞ்சிபுரம் யார் தலைநகரம்? மகேந்திரனுடையது. அது யாருடைய நீதிமன்றம்? அவருடையதுதான்! தன் ஆட்சியின் லஞ்சத்தைத் தானே மேடையேற்றிச் சிரிக்க வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

இவர் கல்லை நம்பிய ராஜா. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் குடைவரை இருக்கிறதே, அது இவருக்குக் கீழிருந்த சிற்றரசர் குடைவித்தது. மாமண்டூர்க் குகையில் இந்த நாடகத்தின் பெயரைக் கல்வெட்டே சொல்கிறது. (ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நிற்குமே, அந்த மாமண்டூர் இல்லை. இது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்.) அந்தக் கல்வெட்டு இன்று வெகுவாகச் சிதைந்து கிடக்கிறது. கல்லில் மிஞ்சியது நாடகத்தின் பெயர்தான்.

அப்படியானால் நாடகம் எப்படிப் பிழைத்தது? கேரளத்தில் ஓலைச்சுவடிகளில் இருந்தது. அங்கே சாக்கியார்கள் என்ற நடிகர்கள் கோயில்களில் பரம்பரை பரம்பரையாக இதை நடித்து வந்தார்கள். நெல்லைச் சீமையில் பிறந்த டி. கணபதி சாஸ்திரி 1917-ல் திருவனந்தபுரத்தில் இதை அச்சேற்றினார். சாக்கியார்களின் கூடியாட்டத்தை 2001-ல் யுனெஸ்கோ கௌரவித்தது. மகேந்திரனின் ராஜ்ஜியம் போய், பல்லவ வம்சமே போய், ஆயிரம் வருஷத்துக்கு மேல் அவருடைய சிரிப்பைக் காப்பாற்றியவர்கள் மேளம் கொட்டி, முகத்தில் வர்ணம் பூசிக்கொண்ட சில குடும்பத்துக்காரர்கள்!

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பாரதக் கூத்து நடக்கும். அங்கே கட்டியக்காரன் ராஜாவையும் விடமாட்டான், ஊர்ப் பெரியவரையும் விடமாட்டான். பழைய கதைக்குள்ளே அன்றைக்கு ஊரில் நடந்ததையே புது ஜோக்காகச் சேர்ப்பான். அந்தப் பக்கம் போனால் பத்து மணிக்கே எழுந்து வந்துவிடாதீர்கள். விடியும் வரை உட்காருங்கள். அந்தச் சின்னக் குழுவை நாளைக்கும் ஆட வைக்க எந்த ராஜாவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.